கண் சிவந்தால் எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கம் கெட்டாலும் கண் சிவக்கும், அடுப்புப் புகை பட்டாலும் சிவக்கும், பார்வையே போகிற அளவுக்குக் கருவிழியில் புண் வந்தாலும் சிவக்கும். கண் மருத்துவமனை ஓ.பி.யில் வருகிறவர்களுக்குப் பார்வை அளந்து, என்ன ஏது என்று விசாரித்து எழுதி டாக்டரிடம் அனுப்புவது என் வேலை. அங்கே தினமும் காதில் விழும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

கண் சிவந்திருக்கிறது. சாதாரணமா, ஆபத்தா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

சிவப்பு எவ்வளவு என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பார்க்கவே பயமாக, வெள்ளை விழி முழுக்க ரத்தம் பரவின மாதிரி இருக்கிற கண் பல சமயம் தானாகவே சரியாகிவிடும். லேசாகத்தான் சிவந்திருக்கும், ஆனால் வலியும் கூச்சமுமாக இருக்கும், அந்தக் கண்தான் வில்லங்கம் பிடித்தது. பார்க்க வேண்டியது மூன்றே மூன்று: வலி இருக்கிறதா (மண் விழுந்த மாதிரி உறுத்துவது வேறு, உள்ளே குடைகிற வலி வேறு), பார்வை குறைந்திருக்கிறதா, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறதா.

இதில் பார்வையைத்தான் பலர் சோதிப்பதே இல்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு "நல்லாத்தான் தெரியுது" என்பார்கள், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும் என்பது தெரியாது. சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரைப் பாருங்கள். வழக்கமாகப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சில அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, எந்தப் பொடி எழுத்துவரை படிக்க முடிகிறது என்று பாருங்கள், அப்புறம் மறு கண். சிவந்த கண்ணில் மங்கலாக இருந்தால் நாலைந்து முறை இமைத்துவிட்டுத் திரும்பப் படியுங்கள். இமைத்ததும் தெளிந்துவிட்டால் அது பீளை செய்கிற வேலை. இமைத்த பிறகும் மங்கலாகவே இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

இன்னொரு குறிப்பும் உண்டு. கண்ணாடி முன் நின்று சிவப்பு எங்கே கூடுதலாக இருக்கிறது என்று பாருங்கள். இமையின் உட்புறமும் ஓரங்களும் நன்றாகச் சிவந்து, கருவிழிக்குப் பக்கத்தில் குறைந்தால் பெரும்பாலும் கண் வலி (மெட்ராஸ் ஐ மாதிரியான தொற்றை ஊரில் அப்படித்தான் சொல்வோம்), அலர்ஜி வகை. கருவிழியைச் சுற்றியே வளையம் போட்ட மாதிரி, கொஞ்சம் ஊதா கலந்த சிவப்பாக இருந்தால் கண்ணுக்குள்ளே ஏதோ நடக்கிறது.

மெட்ராஸ் ஐ என்றால் எப்படி இருக்கும்?

முதலில் ஒரு கண், ஒன்றிரண்டு நாளில் மறு கண். கண்ணில் மணல் கொட்டின மாதிரி உறுத்தல், தாரை தாரையாகத் தண்ணீர், இமை வீக்கம், காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்தால் சின்ன நெறி கட்டி வலிக்கலாம். கூடவே தொண்டை வலி, சளி, லேசான காய்ச்சல். வீட்டிலோ ஆபீஸிலோ இன்னொருவருக்கும் இருக்கும். பெரும்பாலும் அடினோ என்ற வைரஸால் வருவது, ஒன்று முதல் இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். மழைக்காலத்தில் ஊரே கண்ணைக் கசக்கும், 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் அப்படித்தான் பரவியது, 2023 ஜூலை, ஆகஸ்டில் நாட்டின் பல மாநிலங்களில்.

இதிலேயே ரத்தக் கசிவோடு வருகிற இன்னொரு வகை உண்டு, அது என்டிரோ வகை வைரஸ்கள் செய்வது. 1969ல் ஆப்பிரிக்காவின் கானாவில் முதலில் கண்டறியப்பட்டது, அப்பல்லோ விண்கலம் நிலவுக்குப் போன நேரம் என்பதால் அங்கே அதற்கு அப்பல்லோ நோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தொற்றின ஒரே நாளில் கண் ரத்தச் சிவப்பாகிவிடும், பார்க்க மிரட்டும், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

பாக்டீரியாவால் வருகிற கண் வலியில் தண்ணீரைவிடப் பீளைதான் அதிகம், மஞ்சளாக அல்லது பச்சையாக, துடைத்த கொஞ்ச நேரத்திலேயே திரும்பச் சேரும். இதற்குத்தான் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வேலை செய்யும். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது.

கண் வலி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கூச்சம் அதிகமாகி, பார்வை புகை படிந்தாற்போல ஆனால் வைரஸ் கருவிழியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதனால் வருகிற மங்கல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீடிக்கும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

கண் வலி வந்தவரைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளுமா? கறுப்புக் கண்ணாடி போட்டால் தடுக்குமா?

பார்த்தால் தொற்றாது. அவர் கண்ணைத் தொட்ட கை கதவுப் பிடியைத் தொட்டு, அந்தப் பிடியை நீங்கள் தொட்டு, அதே கையால் உங்கள் கண்ணைத் தேய்த்தால் தொற்றும். துண்டு, தலையணை உறை, செல்போன், பஸ் கம்பி, கண் மை, ஒரே சொட்டு மருந்து பாட்டிலை வீட்டில் நாலு பேர் போடுவது, எல்லாமே வழிதான். கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு இதமாக இருக்கும், கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். சானிட்டைசரை மட்டும் நம்பாதீர்கள், அடினோ வைரஸ் அதற்கு அவ்வளவு லேசில் சாகாது, சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் நம்பகமானது.

எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

கண்ணில் தண்ணீரும் பீளையும் நிற்கும் வரை. வைரஸ் என்றால் ஒரு வாரமாவது ஆகும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, அங்கிருந்து போன் வந்து திரும்பக் கூட்டிவருவதைவிட முதலிலேயே லீவு சொல்லிவிடுவது மேல். அதுவரை காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பீளையைத் துடையுங்கள், ஒரு பஞ்சு ஒரு கண்ணுக்கு, ஒரு முறைக்கு. குளிர்ந்த ஒத்தடம் இதம். கண்ணைக் கட்டுப் போட்டு மூடி வைக்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடம் வருகிற மோசமான கேஸ்களில் நிறைய இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

கடையில் "கண்ணு சிவப்பா இருக்கு, ஏதாவது குடுங்க" என்றால் கையில் வருவது பல நேரம் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு. போட்ட மறுநாளே சிவப்பு வடிந்துவிடும். ஆகா, நல்ல மருந்து என்று பாட்டிலைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுப்பார்கள். ஸ்டீராய்டு செய்வது என்னவென்றால், உடம்பு கிருமியோடு போடுகிற சண்டையை நிறுத்துகிறது. சண்டை நின்றால் சிவப்பு குறையத்தானே செய்யும். ஆனால் உள்ளே இருப்பது பூஞ்சையோ ஹெர்ப்பிஸ் வைரஸோ என்றால் எதிர்க்க ஆளில்லாமல் அது கருவிழியைத் தின்ன ஆரம்பிக்கும். சாதாரண மருந்தில் ஆறியிருக்க வேண்டிய புண், கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போய் நிற்கும்.

கிருமி எதுவும் இல்லாத அலர்ஜிக் கண்ணுக்குக்கூட மாதக்கணக்கில் இதைப் போட்டால் கண்ணின் உள் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், வலிக்காது, சிவக்காது, பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். கூடவே கண்புரை. பள்ளிக்கூடப் பையன்களுக்குப் புரை வந்து நிற்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரிவதில்லை.

ஆகவே பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் மருந்தின் மூலப் பெயரைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக்கொடுத்தால் பயப்படாமல் போடுங்கள், சில நோய்களில் கண்ணைக் காப்பாற்றுவதே அதுதான். தானாக வாங்கிப் போடுவதுதான் கூடாது. சிவப்பை உடனே வெளுக்க வைக்கிற நாஃபசோலின் வகைச் சொட்டுகளும் அப்படித்தான், நாலு நாள் போட்டு நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும், விடவும் முடியாது.

டாக்டர் வருவதற்குள் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற வெறும் கண்ணீர்ச் சொட்டு போடலாம், அதனால் கெடுதல் இல்லை. எந்தச் சொட்டும் திறந்து ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள், பாட்டில் மேலேயே திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் விடலாமா? எங்கள் பாட்டி காலத்திலிருந்து செய்கிறோமே.

வேண்டாம். பாட்டி மேல் உள்ள மரியாதை வேறு. பூவையும் இலையையும் கசக்கிப் பிழிகிற சாற்றில் மண்ணும் பூஞ்சையும் சேர்ந்தே வரும். கருவிழியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் அதற்குள் நேராக விதை விதைத்த மாதிரிதான். தாய்ப்பால் சத்தான உணவு, கிருமிக்கும் அது சத்தான உணவு. வாயால் ஊதுவது, நாக்கால் நக்கித் தூசி எடுப்பது, சேலை முந்தானையை முறுக்கிக் கண்ணைத் துழாவுவது, இவற்றையும் விட்டுவிடுங்கள்.

வயலில் வேலை செய்யும்போது நெல் கதிர் கண்ணில் அடித்துவிட்டது. ரெண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாமா?

கூடாது, அன்றைக்கே போங்கள். நெல் சுணை, கரும்புத் தோகை, சோளத் தட்டை, மாட்டு வால், முள் கிளை, எது கண்ணில் பட்டாலும் இதே பதில்தான். கருவிழியின் மேல்தோல் ஒரு மயிரிழை கீறினால்கூடப் பூஞ்சை உள்ளே போய்விடும். 1990களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்குப்படி ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது, அதே மாதிரி அமெரிக்காவின் மினசோட்டா பக்கம் எடுத்த கணக்கில் லட்சத்துக்குச் சுமார் 11 பேர்தான். மதுரையில் வந்த புண்களில் கிட்டத்தட்டப் பாதி பூஞ்சையால் வந்தவை. பூஞ்சைப் புண் மெதுவாகத்தான் காட்டும், முதல் சில நாள் லேசான உறுத்தல், ஒரு வாரம் கழித்துக் கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி, விளிம்பு இறகு மாதிரி பிசிறு பிசிறாக. ஊரில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்களே, அந்தத் தழும்பின் ஆரம்பம் பல நேரம் இதுதான்.

டாக்டரிடம் போனால் பயப்படும்படி ஒன்றும் நடக்காது. ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த சின்னக் காகிதப் பட்டையைக் கீழ் இமையின் உட்புறம் தொட்டு எடுப்பார்கள், கண்ணீரோடு சாயம் பரவும், அப்புறம் நீல விளக்கில் பார்த்தால் கீறல் விழுந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பார்கள், உமித்துண்டு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியில் மேலும் கீழுமாகக் கோடு இழுத்துக்கொண்டே. புண் வந்துவிட்டிருந்தால் கண்ணை மரக்கச் செய்து, கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும், நாட்டாமைசின் என்ற சொட்டு ஆரம்பத்தில் மணிக்கொரு தடவை, பல வாரம் போட வேண்டியிருக்கும்.

கீறல் விழுந்த அன்றே போவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: நேபாளத்தில் பக்தபூர் பக்கம் கிராமம் கிராமமாக இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களே ஆன்டிபயாடிக் களிம்பு மூன்று நாள் போட்டார்கள், அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த யாருக்கும் புண் வரவில்லை. விலை மலிவான களிம்புதான், நேரத்தில் போட்டதுதான் வித்தியாசம்.

வெல்டிங் பார்த்த அன்று ராத்திரி கண் எரிந்து திறக்கவே முடியவில்லை.

வெல்டிங் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைப் பொசுக்குவதால் வருவது. பகலில் ஒன்றும் தெரியாது, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். குளிர்ந்த ஒத்தடம், வலி மாத்திரை, கண்ணீர்ச் சொட்டு, இருட்டு அறை. ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும், காலையில் ஒரு முறை காட்டிவிடுங்கள். பட்டறைகளில் கைமாறுகிற மரக்க வைக்கும் சொட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு வேலை பார்க்கிறவர்கள் உண்டு. அது வலியை மட்டும் மறைத்துவிட்டுப் புண்ணை ஆறவிடாது, கருவிழி கரைந்தே போகும்.

கிரைண்டிங் பொறி வேறு விஷயம். இரும்புத் துகள் கருவிழியில் பதிந்தால் ஒரு நாளிலேயே அதைச் சுற்றித் துரு வளையம் பிடிக்கும், நண்பனை விட்டுத் தீக்குச்சியால் எடுக்கச் சொல்லாதீர்கள். சுத்தியலால் உளியையோ கல்லையோ அடிக்கும்போது "சுருக்" என்று பட்டு, அப்புறம் வலி இல்லாமல் போனால் அதுதான் இன்னும் கவலை. துண்டு கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம். அப்படிப்பட்ட கண்ணையும், பட்டாசு வெடித்த கண்ணையும் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து மேலே ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரி தூரம்.

ஆஸ்பத்திரி அப்புறம், முதலில் தண்ணீர். நிமிடம்கூட வீணாக்கக் கூடாத ஒரே கேஸ் இதுதான். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவையோ பாக்கெட்டையோ குழந்தை அழுத்தி விளையாடும், பீய்ச்சியடித்து நேராகக் கண்ணுக்குள். சுண்ணாம்பு காரம், அமிலத்தைவிடக் காரம் மோசம், திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே உள்ளே போகும்.

குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எது கையில் கிடைக்கிறதோ அது. பாதிக்கப்பட்ட கண் கீழே வரும்படி தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். குழந்தை கத்தும், திமிறும், ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் ஊற்ற வேண்டும், அரை மணி நேரம் விடாமல். சுண்ணாம்புக் கட்டி தெரிந்தால் ஈரப் பஞ்சால் எடுத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் காரம் முறியும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், நல்லெண்ணெய், தேன் எதுவும் வேண்டாம். கழுவி முடித்ததும் ஆஸ்பத்திரிக்கு, அங்கேயும் திரும்பக் கழுவுவார்கள். கக்கூஸ் ஆசிட், பிளீச்சிங் பவுடர், பெயின்ட் தின்னர், பேட்டரி தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே முறை. இவ்வளவு பட்ட கண் சிவக்காமல் வெள்ளையாக இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள், ரத்தக் குழாய்களே வெந்துபோனால்தான் அப்படி வெளுக்கும்.

எருக்கம்பால் பட்டாலும் உடனே கழுவுங்கள். அதில் ஒரு சூது இருக்கிறது, வலி பெரிதாக இருக்காது, சில மணி நேரம் கழித்துப் பார்வை மட்டும் பனி மூடின மாதிரி ஆகும். கள்ளிப்பால் அப்படியில்லை, எரிச்சலில் துடிக்க வைத்துவிடும்.

காலையில் எழுந்து பார்த்தால் வெள்ளை விழியில் ரத்தத் திட்டு. வலி இல்லை, பார்வையும் நன்றாக இருக்கிறது.

பார்ப்பவர்கள்தான் பதறுவார்கள். மேலே உள்ள மெல்லிய சவ்வுக்கு அடியில் ஒரு பொடி ரத்தக் குழாய் உடைந்திருக்கிறது. பலமான இருமல், தும்மல், வாந்தி, மலச்சிக்கலில் முக்கியது, கனமான மூட்டையைத் தூக்கியது, கண்ணைத் தேய்த்தது, எதனாலும் வரும், காரணமே இல்லாமலும் வரும். ஒன்று, இரண்டு வாரத்தில் மஞ்சளடித்துக் கரைந்துவிடும். மருந்து தேவையில்லை. ஆனால் பி.பி. ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்திவிடாதீர்கள். அடிபட்டு வந்த திட்டு என்றால் இந்தப் பதில் பொருந்தாது, கண்ணைக் காட்டியே ஆக வேண்டும்.

பையன் எப்போது பார்த்தாலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான்.

மற்ற எல்லாவற்றையும்விட அரிப்புதான் பெரிதாக இருந்தால் அது அலர்ஜி. இரண்டு கண்ணும், வெயில் காலத்தில் அதிகம், நூல் நூலாக இழுபடும் பீளை, வெள்ளை விழி அழுக்குப் பழுப்பாக இருக்கும். நம்மூர் மாதிரி வறண்ட வெயில் ஊர்களில் ஐந்து வயதிலிருந்து பதினைந்து வரைக்கும், பெண் பிள்ளைகளைவிடப் பையன்களுக்குக் கூடுதலாக வரும், வயது ஏறினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒலோபட்டாடின் மாதிரி அலர்ஜிக்கான சொட்டு உண்டு, டாக்டர் எழுதிக்கொடுப்பார். தேய்க்கிற பழக்கத்தைத்தான் எப்படியாவது நிறுத்த வேண்டும், வருடக்கணக்கில் தேய்த்தால் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளும், அப்புறம் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுசாகக் கிடைக்காது. அரிக்கும்போது குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கையைத் தட்டிவிட்டுத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை, அரிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

நாள் முழுக்க கம்ப்யூட்டர். சாயங்காலம் ஆனால் கண் சிவந்து எரிகிறது.

திரையைப் பார்க்கும்போது இமைப்பதே பாதியாகக் குறைந்துவிடுகிறது, கண்ணீர் காய்ந்துவிடுகிறது. ஏ.சி. காற்றும் ஃபேன் காற்றும் முகத்தில் நேராக அடிக்காமல் திருப்பி வையுங்கள், திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து ஜன்னல் வழியாகத் தூரமாக எதையாவது பாருங்கள். கண்ணீர்ச் சொட்டு போடலாம். தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு இமை ஓரத்திலும் பொடுகு படிந்து இதே எரிச்சல் வரும், வெந்நீர் ஒத்தடமும் இமை ஓரத்தைச் சுத்தம் செய்வதும் போதும்.

தலைவலி, வாந்தி, கூடவே ஒரு கண் சிவப்பு. பித்தம்தானே?

இல்லை, இதைப் பித்தம் என்று நினைத்துதான் இஞ்சிச் சாறு குடித்துவிட்டு விடியும்வரை படுத்திருக்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல், குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு பக்கத் தலையும் கண்ணும் பிளக்கிற வலி, வாந்தி, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், இவை சேர்ந்து வந்தால் திடீர்க் கண் அழுத்தம். சாதாரணமாகக் கண் அழுத்தம் 10லிருந்து 21 வரை இருக்க வேண்டும், இதில் 40, 50 என்று ஏறிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் பாப்பா (கருவிழி நடுவில் தெரிகிற கறுப்பு வட்டம்) நடுத்தரமாக விரிந்து, சுருங்காமல் அப்படியே நிற்கும், கருவிழி ஆவி படிந்த மாதிரி இருக்கும். வயிற்று டாக்டரிடமும் நரம்பு டாக்டரிடமும் அலைந்துவிட்டுக் கண்ணுக்கு வருவதற்குள் நரம்பு கருகிவிடும். சில மணி நேரத்தில் அழுத்தத்தை இறக்கியாக வேண்டும், அப்புறம் லேசரால் கண்ணின் உள்ளே சின்னத் துளை போடுவார்கள், வலிக்காத மறு கண்ணுக்கும் சேர்த்துத்தான். சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள்கூட இதைக் கிளப்பிவிடும்.

டாக்டர் யூவைட்டிஸ் என்கிறார். முதுகுவலி இருக்கிறதா என்று ஏன் கேட்கிறார்?

கண்ணின் நடுப் படலம் அழற்சியால் வீங்குவதுதான் யூவைட்டிஸ். பீளை இருக்காது, கூச்சம் அதிகம், கருவிழியைச் சுற்றிச் சிவப்பு, பாப்பா சுருங்கியிருக்கும். காலையில் எழுந்ததும் இடுப்பு இறுகி, நடமாடினால் தளர்கிற வகை முதுகுவலியோடு இதற்கு உறவு உண்டு, காசநோயோடும் உண்டு, அதனால்தான் நெஞ்சு எக்ஸ்ரே வரை எடுக்கிறார்கள். எலிக்காய்ச்சலோடும் உண்டு. 1993 கடைசியில் மதுரைப் பக்கம் பெருவெள்ளம் வந்து வடிந்த பிறகு, 1994ல் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யூவைட்டிஸோடு வந்தவர்கள் திடீரென்று கூடினார்கள், காரணம் தேடியதில் எலிக்காய்ச்சல் கிருமி அகப்பட்டது. வெள்ளத் தண்ணீரில் நடந்ததையோ, மாட்டுத் தொழுவ வேலையையோ, சில வாரம் முன்பு வந்த காய்ச்சலையோ டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

காய்ச்சலோடு கண் சிவந்தால்?

மழைக்காலத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, பீளையே இல்லாத சிவந்த கண் என்றால் அந்த எலிக்காய்ச்சலேதான் என்று சந்தேகப்பட்டு, கண் டாக்டருக்கு முன் பொது மருத்துவரைப் பாருங்கள். சின்னக் குழந்தைக்கு ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், இரண்டு கண்ணும் சிவப்பு, உதடும் நாக்கும் சிவப்பு, தடிப்பு என்றால் குழந்தை மருத்துவரிடம் அன்றைக்கே, அதில் இதயத்தின் ரத்தக் குழாய் பாதிக்கப்படுகிற நோய் ஒன்று இருக்கிறது.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். கண் லேசாகச் சிவந்திருக்கிறது.

கழற்றுங்கள். வலியோ கூச்சமோ இருந்தால் அன்றைக்கே டாக்டர், லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் எடுத்துக்கொண்டு போங்கள், கிருமியை அதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். லென்ஸோடு தூங்குவதும் குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுவதும்தான் பெரிய குற்றவாளிகள், சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா ஒன்றிரண்டு நாளில் கருவிழியை ஓட்டை போட்டுவிடும்.

நெற்றியில் அக்கி, கண்ணும் சிவக்கிறது. அக்கி எழுதினால் போதுமா?

காவி பூசி எழுதுவதால் நெற்றிக்குக் குளிர்ச்சி, உள்ளே இருக்கிற வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. கொப்புளம் மூக்கு நுனியில் வந்திருந்தால் கண்ணுக்குள்ளும் போயிருக்க வாய்ப்பு அதிகம். வைரஸுக்கான மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். எழுதியே ஆக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் நின்றால் எழுதிக்கொள்ளுங்கள், கண் பக்கம் மட்டும் பூசாமல், மாத்திரையை ஆரம்பித்த பிறகு.

பச்சைக் குழந்தைக்குக் கண்ணில் பீளை.

பிறந்து 28 நாளுக்குள் கண் சிவந்து, இமை வீங்கி, பீளை வந்தால் அவசரம், பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிய கிருமியாக இருக்கலாம், அதில் ஒரு வகை ஓரிரு நாளில் கருவிழியை அழித்துவிடும். கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது, தண்ணீர் மட்டும் வடிகிறது என்றால் கண்ணீர்ப் பாதை திறக்காமல் இருக்கும், மூக்கோரம் மசாஜ் செய்யச் சொல்லித் தருவார்கள், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் திறந்துவிடும்.

கண்புரை ஆபரேஷன் செய்த கண் சிவக்கிறது.

முதல் ஓரிரு நாள் லேசான சிவப்பு இருக்கும். குறைந்துகொண்டு வந்த சிவப்பு திரும்பக் கூடினாலோ, வலி ஆரம்பித்தாலோ, நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாவிட்டாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே உடனே போங்கள். மாதங்கள் கழித்து நடந்தாலும் இதேதான்.

ராத்திரி நேரம், கண் டாக்டர் யாரும் இல்லை. எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குப் போனால் கண் மருத்துவரைக் கூப்பிடுவார்கள். சென்னை என்றால் 1819 முதல் இயங்கிவரும் அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. அடிபட்ட கண்ணுக்கு 108ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் தமிழ்நாட்டில் 104க்குப் போன் செய்து கேட்கலாம். போகும்போது இதுவரை போட்ட சொட்டு மருந்து பாட்டில்களை, கடையில் சும்மா கொடுத்ததாக இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், திட்டுவார்களோ என்று ஒளிக்காதீர்கள். கண்ணுக்குச் சொட்டு விட்டு பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள், சில மணி நேரம் மங்கலாக இருக்கும். ஆகவே வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டு போகாமல், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.